உப்புக் கட்டில்

ஒரு கட்டிலா, இரண்டு கட்டிலா என்று கேட்டிருக்கிறாள் நெல்லி. சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஈரக்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே போனை எடுத்துப் பார்த்தேன். பார்த்தபடி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. நெல்லி இருப்பது பொலிவியாவில், தென் அமெரிக்காவில், உயூனி என்கிற ஊரில். பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பாகவே கிடக்கிற ஒரு வெளி இருக்கிறது, அதைச் சுற்றிக் காட்டுவதுதான் அவள் தொழில். அவளுக்கு ஸ்பானிஷ், எனக்குத் தமிழ், இரண்டு பேருடைய இங்கிலீஷும் நொண்டி. அதனால் அவள் எழுதுவதைப் போனுக்குள் இருக்கிற ஏதோ ஒன்று தமிழாக்கி எனக்குக் காட்டுகிறது, அந்தத் தமிழோ ராஜா ராணி நாடகத்தில் பேசுகிற தமிழ். ‘மதிப்பிற்குரிய சீமாட்டியே, உப்பு விடுதியில் தாங்களும் தங்கள் கணவரும் ஒரே மஞ்சத்தில் துயில்வீர்களா, அல்லது தனித்தனி மஞ்சங்களிலா?’ துயில்வீர்களாவாம். கீழே இன்னொரு வரி. அவள் இப்போது வேறு ஆட்களைக் கூட்டிக்கொண்டு உப்புக்குள் போகிறாள், மூன்று நாள் சிக்னல் இருக்காது, போகிற வழியில் அந்த விடுதிக்காரரிடம் நேரிலேயே சொல்லி அறையைப் பிடித்துவிடுவாள், இருப்பதே சில அறைகள்தான், ஆகவே தான் புறப்படுமுன் விடை பகர வேண்டும். அவளுக்கு விடியப்போகிறது. எனக்குக் காபி நேரம் வரப்போகிறது. அவ்வளவுதான் அவகாசம். எதிர் நாற்காலி காலி, ஹாலில் அவர் தரையில் செய்தித்தாளை விரித்து மிக்ஸியைக் கழற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், காலையிலிருந்து அதே மிக்ஸி, அதே செய்தித்தாள், எனக்கு அரைக்க வேண்டிய தேங்காய் ஃப்ரிட்ஜில் காய்ந்துகொண்டிருக்கிறது.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது. கலியாணம் ஆகி முப்பத்தைந்து வருஷம். ஒன்று என்று எழுதலாம், வயசாகிவிட்டது இரண்டு என்று எழுதலாம், எதை எழுதினாலும் நெல்லி ஏன் என்று கேட்கப்போவதில்லை. நாலு மாசமாக மற்ற எல்லாவற்றையும் நான்தானே முடிவு பண்ணினேன். மழை மாசத்தில் வந்தால் உப்பின் மேல் தண்ணீர் நின்று வானம் முழுக்கக் காலடியில் தெரியும், எல்லோரும் அதற்குத்தான் வருகிறார்கள் என்றாள் நெல்லி. எனக்குக் கண்ணாடி வேண்டாம், காய்ந்த வெள்ளைதான் வேண்டும் என்றேன். அப்படியானால் ஜூன், ராத்திரி மைனஸ் பதினைந்துக்கு இறங்கும் என்றாள். இறங்கட்டும் என்றேன். நேராக அந்த உயரத்துக்குப் போனால் தலை சுற்றும், வாந்தி வரும், அதற்கு முன்னால் கொஞ்சம் தாழ்வான ஊரில் நாலு நாள் இருந்து உடம்பைப் பழக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டதும் நான், அந்த ஊரைத் தேடிப் பிடித்ததும் நான், மாத்திரைக்கு டாக்டரிடம் போய் உட்கார்ந்ததும் நான், மஞ்சள் காய்ச்சல் ஊசிக்குச் சென்னையில் எங்கே போக வேண்டும் என்று விசாரித்ததும் நான். சென்னையில் ஒரு டூர் கம்பெனிப் பையனிடம் கேட்டால் ‘மேடம், உங்க வயசுக்கு துபாய் பாருங்களேன், சூப்பரா இருக்கும்’ என்றான். இன்னொருவன் முப்பது பேர் கூட்டத்தில் சேர்த்துவிடுகிறேன், கூடவே நம்ம ஊர்ச் சமையல்காரர் வருவார், பஸ்ஸில் அந்தாக்ஷரி எல்லாம் உண்டு என்றான். பன்னிரண்டாயிரம் அடியில் அந்தாக்ஷரி. இதெல்லாம் வேண்டாம், எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் ஒரு வண்டி, ஒரு வழிகாட்டி என்று நானே தேடித் தேடி நெல்லியைக் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு தடவையும் அவரிடம் போய் நிற்பேன். ஏங்க, ஜூனா ஜூலையா. உன் இஷ்டம். ஏங்க, மூணு நாளா நாலு நாளா. உன் இஷ்டம். ஏங்க, வேணாம்னா சொல்லிடுங்க, இப்பவே நிறுத்திடறேன். சேச்சே, உன் இஷ்டம் மங்கை. என் முழுப்பேர் மங்கையர்க்கரசி. எதற்கு அரசி என்று தெரியவில்லை, ஒரு மனுஷனிடமிருந்து ஒரு பதிலை வாங்கத் துப்பில்லை.

நெல்லிக்கு ஒன்று என்று தட்டினேன். அனுப்பவில்லை. அழித்தேன். கண்ணை மூடிக்கொண்டால் அந்த வெள்ளை வருகிறது, ஆபீஸ் கம்ப்யூட்டரில் வந்த வெள்ளை. மின்வாரியத்தில் நான் வேலை பார்த்த பிரிவுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தபோது திரையில் ஒரு படத்தோடு வந்தது. கீழே பாதி வெள்ளைத் தரை, மேலே பாதி நீல வானம், நடுவில் ஒரு கோடு, வேறு ஒன்றுமே இல்லை. மற்றவர்கள் எல்லாம் முருகன் படம், பேரன் படம் என்று மாற்றிக்கொண்டார்கள். நான் மாற்றவில்லை. எனக்கு அது ஐஸா, மணலா, உப்பா என்று கூடத் தெரியாது. தெரிந்ததெல்லாம், அந்தப் படத்தில் ஒரு கம்பம் இல்லை, ஒரு கம்பி இல்லை. பகல் முழுக்கக் கம்பம் சாய்ந்தது, கம்பி தொங்குகிறது, மீட்டர் ஓடுகிறது, மீட்டர் ஓடவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு நடுவில் தலையை இந்தப் பக்கம் திருப்பினால் போதும், யாரும் யாரோடும் எதனாலும் இணைக்கப்படாத ஓர் இடம். அது எந்த ஊர் என்று என் பெண் அபிராமிதான் போனில் தேடிச் சொன்னாள், அதுவும் நான் ரிட்டயர் ஆகிற சமயத்தில். உப்பும்மா, வெறும் உப்பு என்றாள். யாரும் யாரோடும் இணைக்கப்படாத இடம் என்று அவ்வளவு ஆசைப்பட்டவள், அங்கே போகத் தனியாகவே போயிருக்கலாமே, எதற்காக முதல் நாளே இரண்டு பேர் என்று எழுதினேன். கை தானாக எழுதியது. இரண்டு பேர், வயது அறுபது, அறுபத்தைந்து. இப்போது அந்த இரண்டு பேர் எப்படித் துயில்வார்கள் என்று கேட்டால் கை நின்றுவிட்டது.

எழுந்து ஹாலுக்குப் போனேன். கேட்டுவிடுவது என்றுதான் போனேன். அவர் நிமிரவில்லை. மூக்குக் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது, உதடுகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஸ்குரூ. பாய்லர் தொழிற்சாலையில் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர், பார்த்துப் பார்த்துப் பேச்சு குறைந்து போனதோ என்னவோ. “அங்க தயிர் கிடைக்குமான்னு கேட்டீங்களே” என்றேன். அவர் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. எனக்கே தெரியும். ஸ்குரூவை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு “நானா?” என்றார். “தயிர்ப் பொடின்னு ஒண்ணு விக்குதாம், எடுத்துக்கலாமா?” என்றேன். “உன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டு ஸ்குரூவைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டார். அதைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிய வேண்டும் போல இருந்தது. எதற்காகத் தயிர். கட்டில் என்று சொல்ல வாயெடுத்தால் தயிர் என்று வருகிறது. அறுபது வயசில், இரண்டு பிள்ளை பெற்றவள், வீட்டு ஹாலில், சொந்தப் புருஷனிடம் கட்டில் என்ற வார்த்தையைச் சொல்லக் கூச்சப்பட்டுத் தயிர்ப் பொடி பற்றிப் பேசுகிறேன் என்றால் இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது. திரும்பி வருகிற வழியில் அவருடைய அறை. அவருடைய அறை என்றுதானே இப்போது சொல்கிறோம். கடைசி ரூம் என்று இருந்தது, அப்பா ரூம் ஆகிவிட்டது. கதவு திறந்திருக்கிறது, ஒற்றைக் கட்டில், மடித்து வைத்த போர்வை, டேபிள் ஃபேன், சுவரில் நாள்காட்டி, எல்லாம் ஒரு தங்கும் விடுதி அறை மாதிரி சுத்தமாக.

அவர் அங்கே போய்ப் படுத்துக்கொண்டதற்கு ஒரு சண்டை காரணம் என்றால் நன்றாக இருந்திருக்கும். சண்டை என்றால் ஒரு நாள் சமாதானம் ஆக வேண்டியிருக்கும். எங்களுக்குள் சண்டையே இல்லை, கொரோனா வந்தது, அவ்வளவுதான். இரண்டாவது அலையில் அவருக்கு மூச்சு முட்டி, கட்டில் கிடைக்காமல் அலைந்து, மாப்பிள்ளை யார் யாரையோ பிடித்து ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். என்னை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். தினமும் போனில் ‘நல்லா இருக்கேன், நீ சாப்பிட்டியா’ என்பார், அதற்கு மேல் பேசினால் இருமல் வந்துவிடும். பிழைத்து வந்தார். சட்டை தோளில் நிற்கவில்லை, அவ்வளவு இளைத்திருந்தார். இரண்டு வாரம் தனி அறையில் இருக்கட்டும் என்றார் டாக்டர். கடைசி ரூமில் இருந்தார். வாசலில் ஸ்டூலைப் போட்டுத் தட்டை வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்வேன், அவர் கதவைத் திறந்து எடுத்துக்கொள்வார், இரண்டு பேரும் முகக்கவசத்துக்கு மேல் கண்ணை மட்டும் பார்த்துக்கொள்வோம். இரண்டு வாரம் முடிந்த அன்று அவரே சொன்னார், இருமல் இன்னும் நிக்கல, உன் தூக்கம் கெடும், இன்னும் கொஞ்ச நாள் இங்கயே இருக்கேன். சரிங்க என்றேன். சரிங்க என்றுதானே சொல்ல முடியும். அப்புறம் போன் சார்ஜர் அங்கே போயிற்று. கண்ணாடிக் கூடு போயிற்று. டேபிள் ஃபேன் போயிற்று. இருமல் நின்றது, ஆனால் அது நின்றுவிட்டது என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு நாள் தலையணைகூடப் போயிற்று, உறை மாற்றி எடுத்துக் கொடுத்தவள் நான். வா என்று நான் கூப்பிடவில்லை, வரட்டுமா என்று அவர் கேட்கவில்லை. ஐந்து வருஷம். ஒரே வீடு, ஒரே குக்கர், ஒரே டிவி, சாயங்காலம் சேர்ந்து நடக்கப் போகிறோம், பக்கத்து வீட்டுக்காரி ‘ஜோடியா போறீங்களே, கண்ணு பட்டுடும்’ என்கிறாள். படட்டும்.

போன் அடித்தது. நெல்லி என்று பதறி எடுத்தால் அபிராமி, ஓசூரிலிருந்து. “என்னம்மா, உப்பு வேலை எந்த லெவல்ல இருக்கு?” என்றாள். அவளுக்கு இது எல்லாமே ஒரு வேடிக்கை. மலேசியா போலாமேம்மா என்பாள், யூடியூப்ல பாத்தா அதே உப்புதானேம்மா என்பாள். “ஹோட்டல்ல ஒரு கட்டிலா ரெண்டு கட்டிலான்னு கேக்கறாங்க” என்று அவளிடம் சொன்னேன், பெற்ற பெண்ணிடம் அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வருகிறது. “இதுக்கு என்ன யோசனை? ரெண்டுன்னு போடு. நீங்க ரெண்டு பேரும் தனித்தனியாத்தானே படுக்கறீங்க” என்றாள், வெங்காயம் நறுக்குகிற சத்தத்தோடு. “அம்மா? லைன்ல இருக்கியா?” “இருக்கேன்.” “என்ன ஆச்சு?” “ஒண்ணும் ஆகல. குழந்தை சாப்பிட்டானா?” வைத்துவிட்டேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் எப்படி இருக்கும், வருஷத்துக்கு மூன்று தடவை வருகிறாள், கடைசி ரூமில் அப்பாவின் வேட்டி கொடியில் தொங்குவதைப் பார்க்கிறாள். ஆனால் இப்படி ஒரு வரியாக, தண்ணீர் கொதிக்கிறது, மழை பெய்கிறது என்கிற மாதிரி. நாங்கள் தற்காலிகமாகத்தான் இப்படி இருக்கிறோம் என்று எனக்குள் ஒரு நினைப்பு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது போல, ஐந்து வருஷமாக. வெங்காயத்தோடு சேர்த்து அவள் அதையும் நறுக்கிவிட்டாள். சரி, இரண்டே போட்டுவிடலாம். உண்மையும் அதுதான். இரண்டு என்று தட்டினேன். நெல்லி அதை விடுதிக்காரரிடம் சொல்வாள், அவர் ஓர் அறையைக் காட்டுவார், உப்புக் கல்லால் கட்டிய சுவர், உப்புக் கல்லால் கட்டிய இரண்டு மேடை, மேலே மெத்தை, நடுவில் ஒரு சின்ன மேஜை, அதுவும் உப்பு. உலகத்தின் அந்தக் கோடிக்குப் போயும் நடுவில் ஒரு மேஜை.

அனுப்பும் இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். ஒரு மாசத்துக்கு முன்னால் நெல்லி எழுதியிருந்தது ஞாபகம் வந்தது, ஞாபகம் வந்தது என்ன, மறந்தால்தானே. உயரத்தில் முதல் சில இரவுகள் உறக்கத்தில் சுவாசம் நின்று நின்று வரும், அஞ்சற்க, அது இயல்பே. அஞ்சற்கவாம். இங்கே தரைமட்டத்தில் திருச்சியிலேயே எனக்குத் தூக்கம் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குறட்டை கேட்கிற வரைக்கும் எரிச்சலாக இருக்கும், கேட்காமல் போனால் உடம்பெல்லாம் காதாகிவிடும். தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி எழுந்து போவேன். ஃப்ரிட்ஜுக்கு அந்த வழியாகப் போக வேண்டியதில்லை, ஆனாலும் அந்த வழியாகத்தான் போவேன். ஒருக்களித்த கதவு ஓரம் நிற்பேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற மாதிரியே, உள்ளே போகாமல். மூச்சு வருகிறது என்று தெரிந்த பிறகு தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்து படுப்பேன். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள், பக்கத்தில் படுத்தால் முடிந்து போகிற வேலைக்கு எதற்கு இந்த நடை என்பார்கள். அந்த உப்பு அறையில் ஜெனரேட்டரையும் நிறுத்திவிடுவார்களாம், அப்படி ஓர் இருட்டு, அப்படி ஒரு குளிர், மேஜைக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு நின்று நின்று வரும், இந்தப் பக்கம் நான் கம்பளிக்குள் எண்ணிக்கொண்டு கிடப்பேன். இதற்காகவா இவ்வளவு கடல் தாண்டிப் போக வேண்டும். போகவே வேண்டாம். நெல்லியிடம் எல்லாவற்றையும் ரத்து பண்ணு என்று எழுதிவிடலாம். கோபம் கோபமாக வந்தது, அவர் மேல், அந்த ஸ்குரூ மேல், வெங்காயம் நறுக்குகிறவள் மேல், என் கட்டைவிரல் மேல். எழுந்தேன். இந்தத் தடவை நாற்காலி கீழே விழுந்தது. அதை நிமிர்த்தக்கூட இல்லை.

“நெல்லி கேக்கறா” என்றேன், அவருக்கு நேர் எதிரே நின்றுகொண்டு. “உப்பு ஹோட்டல்ல நமக்கு ஒரு கட்டிலா, ரெண்டு கட்டிலான்னு கேக்கறா.” நாற்காலிச் சத்தத்துக்கே நிமிர்ந்திருந்தார். ஸ்குரூவை எடுத்துச் செய்தித்தாளில் வைத்தார். “உன் இஷ்டம்” என்றார். “என் இஷ்டம் எனக்குத் தெரியும். உங்களைக் கேக்கறேன். நாலு மாசத்துல இந்த ஒண்ணுக்காவது பதில் சொல்லுங்க.” கொஞ்ச நேரம் மிக்ஸியின் அடிப்பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ரெண்டே போடு” என்றார். வேண்டியது கிடைத்துவிட்டது, பதில் வந்துவிட்டது, நான் திரும்பிப் போயிருக்கலாம். கால் நகரவில்லை. “ஏன்?” என்றேன். “குறட்டை விடுவேன்ல.” “கலியாணமான அன்னிலேர்ந்து விடறீங்க. அபிராமி பொறந்ததே அந்தக் குறட்டையிலதான்.” அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பிறகு, “பிச்சைமுத்துன்னு ஒருத்தர்” என்றார். எனக்கு அப்படி யாரையும் தெரியாது. “யாருங்க அது?” “ஆஸ்பத்திரில பக்கத்துக் கட்டில். துறையூர் பஸ்ல கண்டக்டர். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்க முடியாது, அவ்வளவு நெருக்கிப் போட்டிருந்தாங்க. மாஸ்க்கை நகத்திட்டுப் பேசிட்டே இருப்பார். நர்ஸ் திட்டும். எந்த ஸ்டாப்பிங்ல யார் ஏறுவாங்க, யார் சில்லறை தர மாட்டாங்க, எல்லாம் சொல்லுவார். ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. அவர் மூச்சு விடற சத்தத்தைக் கேட்டுட்டே கெடப்பேன். அது ஓடுதுன்னா நானும் ஓடுவேன்னு ஒரு இது.” நிறுத்தினார். தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான், அது போகிற வரைக்கும் காத்திருந்தார். “ஒரு நாள் விடியக்காலம் கொஞ்சம் கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா என்னைப் பாத்துத் திரும்பிப் படுத்திருக்கார். கண்ணு பாதி தெறந்திருக்கு. எழுந்துட்டார்னு நெனச்சு, காப்பி வந்துச்சாங்கன்னு கேட்டேன். பதில் இல்ல. காதுல விழலன்னு இன்னொரு தடவை கேட்டேன்.” துணியை மடித்தார். நான்காக மடித்தார், எட்டாக மடித்தார். “நீ அப்படி ஒரு காலைல எந்திரிக்க வேணாம் மங்கை. அதுக்குத்தான் அங்க போய்ப் படுத்தேன். வேற ஒண்ணும் இல்ல.”

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். இப்படி ஒரு கோபம் என் ஆயுசில் வந்ததில்லை. ஐந்து வருஷம். ஒரு வாய் வார்த்தை. இருமல், தூக்கம், குறட்டை என்று எதை எதையோ சொல்லி, தலையணையைத் தூக்கிக்கொண்டு போய், என்னிடம் உறை மாற்றியும் வாங்கிக்கொண்டு. “தெனம் ராத்திரி” என்றேன், குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை, “தெனம் ராத்திரி உங்க ரூம் வாசல்ல வந்து நின்னு மூச்சு வருதான்னு கேட்டுட்டுப் போறேன். அஞ்சு வருஷமா. அது தெரியுமா உங்களுக்கு?” “தெரியும்” என்றார். நான் அவரையே பார்த்தேன். “எப்படித் தெரியும்?” “உன் வலது முட்டி நடக்கறப்ப சொடக்கு போடும். வாசல்கிட்ட வந்து நிக்கும்.” “அப்ப நீங்க தூங்கறதில்லையா?” “நீ வந்துட்டுப் போனப்புறம் தூங்குவேன்.” அப்படியே அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன், உட்காரும்போது முட்டி சொடக்கு போட்டது, இரண்டு பேருமே அதைக் கேட்டோம். மிக்ஸியின் பாகங்கள் எங்களுக்கு நடுவில் கிடந்தன. அவர் முகத்தைப் பார்க்கப் பார்க்க, இவர் எவ்வளவு கிழவராகிவிட்டார் என்றும், இவர் எவ்வளவு முட்டாள் என்றும், இவரைவிட நான் எவ்வளவு முட்டாள் என்றும் மாறி மாறித் தோன்றியது. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி தூங்காமல், அந்தப் பக்கம் ஒருத்தர் தூங்காமல், ஒருத்தரையொருத்தர் தூங்க வைப்பதற்காக. நடுவில் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு வேறு அடித்தோம் போன பொங்கலுக்கு, இதே கலர் போதுமா என்று கேட்டேன், உன் இஷ்டம் என்றார்.

போனை எடுத்தேன். இரண்டு என்று தட்டியது அப்படியே இருந்தது. அழித்துவிட்டு ஒரு கட்டில் என்று எழுதி அனுப்பினேன். அவர் எட்டிப் பார்த்தார். “நான் ரெண்டுன்னுல்ல சொன்னேன்” என்றார். “கேட்டுச்சு” என்றேன். “அங்க காத்து வேற கம்மிங்கறாங்க. எதாவது ஒண்ணுன்னா?” “ஒண்ணுன்னா பக்கத்துல இருப்பேன். ஆஸ்பத்திரி வாசல்ல நிக்க மாட்டேன்.” கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்று வந்தது நெல்லியிடமிருந்து, கீழே ‘மகிழ்ச்சி, புறப்படுகிறேன்’ என்று ஒரு வரி. அவ்வளவுதான், இனி மூன்று நாளைக்கு அவள் உப்புக்குள். எழுந்து வந்து விழுந்த நாற்காலியை நிமிர்த்தினேன். காபிக்குப் பாலை வைக்கப் போனேன். தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் சாப்பாட்டு மேஜையில் என் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார், என் போனைக் கையில் தூரமாகப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, நெல்லி நாலு மாசமாக அனுப்பியதையெல்லாம் முதலிலிருந்து படிக்கிறார். நாலு மாசமாக ஒரு படத்தைக்கூடப் பார்க்காதவர். “மங்கை, இந்த டிரைவர் எத்தனை வருஷமா ஓட்டறாராம்?” தெரியாது என்றேன். “ஸ்டெப்னி ஒண்ணா ரெண்டா?” கேட்கவில்லை என்றேன். “உப்புல ஓடினா வண்டிக்கு அடியில துருப்பிடிக்குமே, தெனம் கழுவறாங்களா?” பாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “கட்டில் உப்புங்கறாங்க. உப்பு ஈரம் இழுக்கும். நம்ம ரெண்டு பேர் வெயிட்டுக்கு ஒண்ணும் ஆகாதே?” “அவங்க ஊர்ல எல்லாரும் படுக்கறாங்கல்ல, ஒண்ணும் ஆகாது.” “கேட்டுடறது நல்லது.” “அவ உப்புக்குள்ள போயிட்டா. மூணு நாள் ஆகும்.” “அதுக்குள்ள போயிட்டாங்களா” என்று முகம் வாடினார். நாலு மாசம் இந்த மனுஷன் ஒரு கேள்வியாவது கேட்க மாட்டாரா என்று தவித்திருக்கிறேன், இனி அந்தப் பெண் திரும்பி வருவதற்குள் முப்பது கேள்வி சேர்த்து வைப்பார், அத்தனையையும் நான்தான் தட்டி அனுப்ப வேண்டும். “ராத்திரி ஜெனரேட்டரை நிறுத்திடுவாங்கன்னு போட்டிருக்கு” என்றார் மறுபடி. “ஆமா.” “எனக்கு ரெண்டு தடவை எந்திரிக்கணும். இருட்டுல தடவிட்டுப் போக முடியாது.” “ஆமா.” பால் விளிம்புக்கு ஏறி வந்தது, அடுப்பைக் குறைத்தேன். “நீ எந்தப் பக்கம் படுப்பே?” என்றார். நான் திரும்பாமலே சொன்னேன், “சுவத்துப் பக்கம்.” “சரி. அப்ப டார்ச் எங்கிட்ட இருக்கட்டும்” என்றார். பிறகு அதற்கு இன்றைக்கே செல் வாங்கி வைத்துவிடலாமா, ஜூன் வரைக்கும் தாங்குமா என்று கேட்டார்.